லூசில் வாங்கிய வீடு

இசை அன்பர்களே, வணக்கம்.

அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அவருடைய டிரம்பெட்டைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். நான் பேச வந்திருப்பது அவர் மனைவி லூசிலைப் பற்றி. அந்த வீட்டை வாங்கியவரும் அவர்தான், நமக்காகக் காப்பாற்றி வைத்தவரும் அவர்தான்.

நியூயார்க்கில் ஏழாம் எண் ரயில் குயின்ஸ் பகுதிக்குள் போனதும் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின்மீது ஓடும். 103ஆவது தெரு நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்த வட்டாரத்துக்குப் பெயர் கரோனா. நமக்கு அது நோயின் பெயராகிவிட்டது. அங்கே அது வெகுகாலமாக ஊர்ப்பெயர். கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் ஸ்பானிய எழுத்து. 107ஆவது தெருவில், மற்ற வீடுகளோடு வரிசையில் நிற்கும் ஒரு செங்கல் முகப்பு வீடு. உலகமெல்லாம் வாசித்தவர் வீடு என்று மாளிகையைத் தேடிக்கொண்டு போனால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

ஆம்ஸ்ட்ராங் 1901இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். கடும் வறுமை. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கேதான் டிரம்பெட்டைப் போன்ற கார்னெட் வாத்தியத்தை முறையாகக் கற்றார். பெயரும் புகழும் வந்த பிறகும் வாழ்க்கை ஊர் ஊராகத்தான். கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. மேடையில் கைதட்டிய ஊரிலேயே இரவு தங்க அறை தரமாட்டார்கள்.

நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு கேளிக்கை விடுதியில் முன்பு நடனமாடிய லூசில் வில்சனை 1942இல் மணந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பயணத்தில் இருந்தார்கள். விடுதி அறையில் லூசில் ஒரு சின்ன மரம் வைத்து விளக்குப் போட்டார். நாற்பதைத் தாண்டிய மனிதர், தமக்கென்று அதுவரை ஒரு கிறிஸ்துமஸ் மரம் இருந்ததில்லையாம். படுக்கையில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம், விளக்கை அணைக்க விடவில்லையாம். அடுத்த ஊருக்கும் அந்த மரம் போயிற்று, அதற்கடுத்த ஊருக்கும் போயிற்று. இதை லூசிலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மறு ஆண்டு, 1943இல், கணவரிடம் காட்டாமலே இந்த வீட்டை வாங்கினார். ஆம்ஸ்ட்ராங் பயணம் முடிந்து வந்து, டாக்ஸிக்காரரிடம் முகவரியைக் கொடுத்திருக்கிறார். வண்டி நின்றதும் இவருக்கு நம்பிக்கை வரவில்லை. இது நம் வீடாக இருக்காது என்று தயங்கித்தான் மணியை அடித்தார். கதவைத் திறந்தது லூசில்.

அதன்பிறகு சாகும்வரை வேறு வீடே இல்லை. இதைவிடப் பெரிய வீடு வாங்க அவரிடம் பணம் இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்து மக்களை விட்டுப் போக மனம் வரவில்லை. தெருப் பிள்ளைகள் வீட்டுக்குள் வந்து அவரோடு உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்கள். 1967இல் அவர் பாடிப் பதிவுசெய்த ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டு உங்களுக்குத் தெரியும். அதைப் பாடும்போது கரோனா ஞாபகம் வருகிறது என்று அவரே சொன்னார். தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்தவர். லூசிலோடு அவருக்குக் குழந்தை இல்லை.

உள்ளே போனால் என்னை அப்படியே நிறுத்தியது அடுப்பங்கரை. தரையிலிருந்து கூரை வரை பளபளக்கும் நீல அலமாரிகள். அடுப்பில் தம்பதியர் பெயர் பொறித்த தகடு. அவர்களுக்கென்றே செய்த அடுப்பு அது. குளியலறையில் சுவரெல்லாம் கண்ணாடி, குழாயெல்லாம் தங்கமுலாம். ஆடம்பரம் என்று சிலர் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். ஊர் ஊராகப் பெட்டி தூக்கிய மனிதருக்கு ஒருத்தி ஆசை ஆசையாகச் செய்து வைத்த இடம் அது. மாடிப்படியில் உட்கார்ந்து ஏறும் நாற்காலி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள், அவர் இதயம் தளர்ந்த நாள்களுக்காக.

மாடியில் அவருடைய அறை. சுவரில் பதித்த ஒலிப்பதிவுக் கருவிகள். ஏறக்குறைய 700 ஒலிநாடாக்கள் விட்டுப்போயிருக்கிறார். பாட்டு மட்டுமல்ல, நண்பர்களோடு அரட்டை, நகைச்சுவை, வீட்டுப் பேச்சு எல்லாம். நாடாப் பெட்டிகளின்மேல் படங்களைக் கத்தரித்து ஒட்டி அலங்கரித்திருக்கிறார். அந்தப் பெட்டிகளின் படங்களைப் பார்த்தேன்: கோணலாக வெட்டிய முகங்கள், மேலே பிசின்நாடா பழுத்து மஞ்சளாகியிருக்கிறது.

1971 ஜூலை 6ஆம் தேதி இந்த வீட்டிலேயே தூக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. லூசில் அதற்கப்புறம் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். விற்கவில்லை. 1976இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1983இல் கண்மூடும் முன் வீட்டை நியூயார்க் நகரத்துக்கே எழுதிவைத்திருந்தார். அருங்காட்சியகமாகக் கதவு திறக்க 2003 ஆனது. இருபது ஆண்டுக் காத்திருப்பு அதிகம்தான். ஆனால் பாருங்கள், அந்த இருபது ஆண்டில் ஒரு நாற்காலிகூடக் கைமாறிப் போகாமல் இருந்ததால்தான் நாம் இன்று அந்த வீட்டை வீடாகவே பார்க்கிறோம். நம்மூரில் எத்தனை வித்வான்களின் வீடுகள் கைமாறி இடிந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றிக்காட்டிய பெண் அறைக்கு அறை ஒரு பொத்தானை அழுத்துவார், அந்த ஒலிநாடாக்களிலிருந்து ஒரு துண்டு ஒலிக்கும். சாப்பாட்டு அறையில் அழுத்தியபோது டிரம்பெட் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையின் ஓரமாகத்தான் நான் நின்றிருந்தேன்.