நல்லூர்த் தேருக்கு முன் பின்னி முடிக்க வேண்டிய தொப்பி

[திரையில்: விறாந்தை. மடியில் விரித்த வெள்ளைத் துவாய், அதன் மேல் கருநீல நூலுருண்டை, இரண்டு மூங்கில் ஊசிகள்.]

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கம்பளித் தொப்பிக்கு வேலை இல்லை. மார்கழி மழைக்கும் இங்கே ஒரு போர்வை போதும். ஆனால் நம் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்குள் நடந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நத்தார் பரிசாகக் கையால் பின்னிய தொப்பி ஒன்றை அனுப்ப நினைப்பவர்களுக்காக இந்த வீடியோ.

முதலில் நாட்கணக்கு. நத்தார் டிசம்பரில் வந்தாலும், தொப்பி நல்லூர்த் தேருக்கு முன் முடிந்திருக்க வேண்டும். 25 நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள், 24ஆம் நாள் தேரும் மறுநாள் தீர்த்தமும் பார்த்துவிட்டுப் பெட்டி அடுக்கத் தொடங்குவார்கள். மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் நடுவில் 100 கிராம் தொப்பிக்கு இடம் கிடைக்கும். ஆகவே ஆனி மாதமே ஊசியை எடுத்துவிடுங்கள்.

நூல் அக்ரிலிக்காக இருக்கட்டும். அங்கே உடுப்பெல்லாம் இயந்திரத்துக்குள்தான் போகிறது. சாதாரண ஆட்டுக் கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், தொப்பி சுருங்கி இறுகிவிடும். பிறகு அதை விரிக்க முடியாது. இன்னொன்று: எல்லா உருண்டைகளையும் ஒரே நாளில் வாங்கி, சுற்றுத்தாளில் உள்ள சாய எண் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு சாயத் தொகுதி என்றால் நெற்றிக்கு மேலே நிறம் மாறிய கோடு தெரியும்.

[திரையில்: சிறிய சதுரத் துண்டு, அதன் மேல் அளவுநாடா.]

இப்போது மாதிரித் துண்டு. பலரும் தவிர்க்கும் வேலை இதுதான். நானும் தவிர்த்தேன். மருமகனுக்காக நான் பின்னிய முதல் தொப்பி அவன் கண்களை மூடி மூக்கில் வந்து நின்றது. வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்தபோது மனம் மிகவும் வருந்தியது. போடுகிறவர் பக்கத்தில் இருந்தால் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். கடலுக்கு அப்பால் இருப்பவருக்குப் பின்னும்போது அந்தத் துண்டுதான் அவர் தலை.

4 மில்லிமீட்டர் ஊசியில் 30 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஏற்றுங்கள். முன்பக்கம் நேர்ப் பின்னல், பின்பக்கம் மறுபின்னல் என்று 12 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பின்னுங்கள். இரண்டு பின்னலையும் சற்றுப் பிறகு அருகில் காட்டுகிறேன். கழுவி, இழுக்காமல் துவாயில் பரப்பி உலர விடுங்கள். ஓரங்கள் சுருளும், குண்டூசி குத்தி வையுங்கள். காய்ந்த பின் நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் விடாதீர்கள்.

22 வந்தது என்று வைத்துக்கொள்வோம். தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டர். தொப்பி பிடித்து நிற்க 5 குறைத்தால் 51. 10 சென்டிமீட்டருக்கு 22 என்றால் 51க்கு ஏறத்தாழ 112 கண்ணிகள், தைத்து இணைக்க 2, மொத்தம் 114. ஆனால் உங்கள் கையில் 22க்குப் பதிலாக 20 விழுந்தால், அதே 112 கண்ணிகள் 56 சென்டிமீட்டராக விரியும். என் மருமகனின் தொப்பி அப்படித்தான் மூக்குவரை இறங்கியது.

கடகம் இழைத்த கைகளுக்கு இது புதிதல்ல. ஓலை தளர்ந்தால் கடகம் கோணும். நூல் தளர்ந்தால் தொப்பி அகலும். நம் வெக்கையில் விரல் வியர்த்தால் நூல் வழுக்காமல் பிடிக்கும், கண்ணி இறுகும். அதனால் மாதிரித் துண்டைப் பின்னும் அதே மாலை நேரத்தில் தொப்பியையும் பின்னுங்கள். மடியில் துவாய் இருப்பதும் அந்த வியர்வையைத் துடைக்கத்தான்.

[திரையில்: விரல்களும் ஊசி நுனிகளும், மிக அருகில்.]

பாருங்கள். வலது ஊசியின் நுனி முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் போகிறது. நூல் அதை ஒருமுறை சுற்றுகிறது. சுற்றிய நூலைக் கண்ணி வழியே முன்னே இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுகிறோம். இது நேர்ப் பின்னல். நூலை முன்னால் வைத்து, ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தால் மறுபின்னல்.

விளிம்புக்கு இரண்டு நேர், இரண்டு மறு என்று 6 சென்டிமீட்டர். அதற்கு மேல் மாதிரித் துண்டில் செய்தது போலவே. விளிம்பிலிருந்து மொத்தம் 18 சென்டிமீட்டர் வந்ததும் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் 114, 57 ஆகும். ஒரு வரிசை விட்டு மறுபடி சேர்த்தால் 29. நூலை நீளமாக வெட்டி, அந்த 29க்குள்ளும் கோத்து இறுக்கி, அதே நூலால் பின்பக்கத்தைத் தைத்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு என்றால் கட்டும் கயிறும் பொத்தானும் வேண்டாம். கயிறு கழுத்தில் சுற்றும், பொத்தான் வாய்க்குள் போகும்.

[திரையில்: நிழலில் பரப்பி உலர்த்திய தொப்பி. பக்கத்தில் சிறு நூலுருண்டை, ஒரு துண்டுக் காகிதம்.]

பையில் வைக்கும்போது மீந்த நூலில் கொஞ்சம் சேர்த்து வையுங்கள், ஓட்டை விழுந்தால் அங்கேயே தைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: ‘குளிர்ந்த நீரில் கழுவவும். சூட்டு உலர்த்தியில் போடாமல் பரப்பிக் காயவிடவும்.’ கீழே உங்கள் உறவுமுறையையும் எழுதுங்கள், அம்மம்மா என்றோ சித்தி என்றோ.