சங்கீதம் எந்த ஊர்?

நேயர்களுக்கு வணக்கம். செவ்வியல் இசையை ஊர் ஊராகச் சொல்லும் வானொலித் தொடர்கள் இப்போது பல நாடுகளில் வருகின்றன. ஒரு வாரம் வியன்னா, அடுத்த வாரம் வெனிஸ், அப்புறம் லைப்சிக். எனக்கு இது பிடித்த வழி. ஆனால் பாதி நிகழ்ச்சிகளில் யார் அங்கே பிறந்தார், யார் அங்கே காலமானார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அதற்கு ஊர் எதற்கு? எங்கே உட்கார்ந்து வாசித்தார்கள், யார் படியளந்தார்கள், கேட்டவர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று சொன்னால்தான் ஊர் காதில் விழும்.

வெனிஸில் சான் மார்க்கோ தேவாலயத்தில் பாடகர்களை எதிரெதிர் மாடங்களில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பாட, மறுபக்கம் பதில் பாடும். அந்தக் கட்டடத்துக்கென்றே எழுதிய இசை அது. அதே ஊரில் 1637இல் டிக்கெட் வாங்கிய எவரும் நுழையலாம் என்று ஓபரா அரங்கு திறந்தது. அதன் பிறகு ராஜாவை மட்டும் திருப்திப்படுத்தினால் போதாது.

நம் பக்கம் வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காவிரிக் கரைக் கோயில்களில் வளர்ந்ததுதான் நம் நாகஸ்வரம். சுவாமி புறப்படும்போது மல்லாரி, கம்பீரநாட்டை ராகத்தில். சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, தவிலும் நாகஸ்வரமும்தான். அப்புறம் வீதியில் ராகம். சுவாமியே மெல்லத்தான் போகிறார், வித்வானுக்கு என்ன அவசரம்? தோடியையோ காம்போதியையோ மணிக்கணக்கில் வாசிப்பார்கள்.

அந்தச் சங்கீதம் சென்னை சபாக்களுக்குள் வந்தபோது கடிகாரம் பார்க்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருப்பவர் மறுநாள் ஆபீஸ் போகிறவர். வர்ணத்தில் தொடங்கி, அளவான கீர்த்தனைகள், கடைசியில் துக்கடா எனும் சின்னப் பாட்டுகள் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரியை அமைத்தது இந்தப் புதுக் கூட்டத்துக்கு ரொம்பப் பொருந்தியது. மைக் வந்த பிறகு தொண்டை கிழியப் பாட வேண்டிய தேவையும் போயிற்று.

சென்னையைப் பற்றி இன்னொன்று: அது கடற்கரை ஊர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றது அங்கேதான், ஓர் ஐரோப்பியரிடம். அண்ணன், ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்துச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். கப்பல் வந்து நிற்கும் ஊரில்தான் இப்படி நடக்கும்.

நம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியும் அப்படிப்பட்ட ஊர்தானே! 1822இல் திறந்த நாடக அரங்கு இங்கே இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே கட்டட வேலைக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தீவின் சேகா இசையை வாசிப்பவர் ராவான் என்ற தோல் வாத்தியத்தை நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பறையையும் அப்படித்தான் காய்ச்சுவார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் படிக்கிறார்கள். இவ்வளவு இருக்க, ஊர் ஊராகப் போகும் தொடர்களில் நம் ஊரின் பேச்சே இல்லை. நம்மவர்கள் யாராவது செய்தால், தயவுசெய்து நாடக அரங்கிலிருந்து தொடங்காதீர்கள். துறைமுகத்திலிருந்து தொடங்கி, தைப்பூசக் காவடியோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அரங்குக்கு வாருங்கள்.

சரி, என் நேரம் முடிகிறது. அடுத்து ஒலிக்கப்போவது தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’, ஒரு நோட்டுஸ்வரம். 1968இல் விடுதலை கிடைப்பதற்கு முன்பு, ஆங்கிலேயர் ஆட்சியில், இந்தத் தீவில் பள்ளிக்கூடம் போன தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மெட்டு எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள்.