பிள்ளையாரே ஒன்றும் சொல்லவில்லை!

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன்.

தலைப்பு: சின்தசைசர் இசையின் சுகம் தேடிக் கண்டெடுப்பதிலா, பகிர்ந்து கேட்பதிலா? சின்தசைசர் என்றால் மின்சாரத்தாலேயே ஒலியை உண்டாக்கும் வாத்தியம். நாங்கள் பகிர்வு பக்கம். ஆனால் எதிரணித் தலைவர் தலைப்பை விட்டுவிட்டு ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "கரண்ட் போனால் இவங்க பாட்டும் போச்சு. மின்வாரியத்தின் தயவில் வாழ்வதெல்லாம் ஒரு சங்கீதமா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பரவாயில்லை, நானும் தட்டினேன்.

ஐயா, அதை எதில் சொன்னீர்கள்? மைக்கில். அது என்ன விளக்கெண்ணெயிலா ஓடுகிறது? மார்கழிக் கச்சேரியில் வித்வான் உட்கார்ந்ததும் முதலில் எதைத் தேடுகிறார்? பிளக் பாயிண்டை! எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைச் சொருகினால்தான் அங்கே 'ச' பிறக்கிறது. அட, கச்சேரியை விடுங்கள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் தீபாராதனைக்கு மேளம் அடிப்பது யார்? மோட்டார்! குருக்கள் ஒரு கையால் சுவிட்சைத் தட்டுகிறார், மணியும் மேளமும் சேர்ந்து கிளம்புகின்றன. பிள்ளையாரே ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு என்ன ஐயா?

நடுவர் சிரிக்கிறார். அதை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர். இந்திப் பட ஆர்கெஸ்ட்ராக்களில் கிதார் வாசித்தவர். அவர் கைக்கு ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 என்ற குட்டிப் பெட்டி வருகிறது. தனியாகப் பழகும் கிதார்காரருக்குப் பின்னால் பேஸ், அதாவது அடிக்குரல் ஸ்வரங்கள், வாசிப்பதற்கென்று செய்த பெட்டி. போணியாகவில்லை, 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு வசதி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கல் இல்லாமல் ராகம் ஏது?

1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். பூபாளி இருக்கிறது, நம்ம மோகனம். மால்கௌன்ஸ் இருக்கிறது, நம்ம இந்தோளம். தாளத்துக்கு டிஆர்-808 என்ற தாளப் பெட்டி, டும் டும் டும் டும். அடியில் அந்த 303 குமிழ் விட்டுக்கொண்டே போகிறது. மேலே ஜூபிடர்-8 என்ற சின்தசைசரில் இந்தோளம்! வாங்க ஆள்தான் இல்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே பெட்டியைத் திருகித் திருகி ஒரு தட்டு போட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது நடன இசை பிறந்துவிட்டது என்று உலகம் குதித்தது. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், எதிரணி குறித்துக்கொள்ளட்டும். சிகாகோ 1987. பம்பாய் 1982. அங்கே குதிக்கிறார்கள், இங்கே நம்ம ஆளை ஏனென்று கேட்க நாதியில்லை!

2002-இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லிக் கடையொன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுக்கிறார். "பார்த்தீர்களா, தேடல்!" என்று எதிரணி துள்ளுகிறது. துள்ளாதீர்கள். கண்டெடுத்தது 2002. மறுபதிப்பாக ஊருக்குக் கொடுத்தது 2010. நடுவில் எட்டு வருஷம், அந்த இந்தோளம் எத்தனை காதுக்கு எட்டியது? கொடுத்த பிறகுதானே உலகம் அலறியது! நம்பக்கூட மாட்டேன் என்றார்கள். யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறான் என்றார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு அந்த மனிதர் ஐரோப்பிய மேடை ஏறினார். பேரன் வயதுப் பிள்ளைகள் ஆடினார்கள். 2015-இல் போய்ச் சேர்ந்தார். கைதட்டலைக் கேட்டுவிட்டுப் போனார் ஐயா! கேட்காமலே போனவர்கள் எத்தனை பேர்? எங்கள் பெரியப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். திருவிழா மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே சொந்தமாகக் கொஞ்சம் வாசிப்பார். ஜனம் சரியாக அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போகும். அவர் காலமான பிறகு, ஒரு பழைய கேசட்டை போனில் ஏற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் துபாயில் இருந்த மகன் நடுராத்திரியில், "அப்பா வாசிச்சதா?" என்று கேட்டிருந்தான். பெரியம்மா அந்த மெசேஜை யாரையும் அழிக்க விடுவதில்லை.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. அந்த மோகனத்தை இப்போதே உங்கள் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். எதிரணித் தலைவருக்கும் அனுப்பத்தான் ஆசை. நம்பர் தரமாட்டேன் என்கிறார். நன்றி, வணக்கம்.