கைலியும் ரேந்தையும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய துணியில் கால்மிதி நெய்வதைப் பற்றிப் பேசச் சொல்லி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என்னை அழைத்திருக்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்டிருக்கும் ரேந்தைப் பின்னலையும், அதாவது லேஸ் பின்னலையும், சேர்த்தே சொல்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே வேலைதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ரப்பர் பால் பட்டுக் காய்ந்த சட்டை எத்தனை முறை துவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை எடுத்து வைப்பார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் பின்புறம் ஒரு பழைய கட்டில் சட்டம் கிடந்தது. அதன் இரண்டு முனையிலும் வரிசையாக ஆணி அடித்திருப்பார். அதுதான் எங்கள் தறி. நீளவாக்கில் கட்டும் பாவுக்குக் கெட்டியான பருத்தி நூல், குறுக்கே நெய்யும் ஊடைக்கு அப்பாவின் கைலி.

கைலியைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கிழியுங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டுக் கையால் இழுத்தால், பருத்தித் துணி இழையின் போக்கிலேயே நேராகக் கிழியும். ஒரு அங்குல அகலம் போதும். டி-சட்டை அப்படிக் கிழியாது. அதைச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். நைலான் சேலை வேண்டாம். தண்ணீரை உறிஞ்சாது, சிமெண்டுத் தரையில் வழுக்கும்.

நாடாக்களை இணைக்க முடிச்சு போட்டால் காலில் உறுத்தும். இரண்டு நுனியிலும் ஒரு சிறு துளை வெட்டுங்கள். பழைய நாடாவின் நுனியைப் புதியதன் துளைக்குள் நுழைத்து, புதியதன் மறுமுனையைப் பழையதன் துளை வழியாக இழுங்கள். தட்டையாகப் பூட்டிக்கொள்ளும்.

நான் நெய்த முதல் கால்மிதி நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி இருந்தது. ஊடையை விறைப்பாக இழுத்துவிட்டேன். "வில் மாதிரி வளைச்சுப் போடு, அப்புறம் தட்டு" என்றார் அம்மா. ஊடை ஒவ்வொரு பாவிழைக்கும் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவை. அந்த நீளத்தை விட்டுவைக்காமல் இழுத்தால் ஓரம் உள்ளே வந்துவிடும். வாசலுக்கு ஒரு கால்மிதி நெய்ய இரண்டு கைலி போதும்.

சரி, ரேந்தைக்கு வருகிறேன். லேஸ் என்றுதான் இன்று சொல்கிறோம். பழைய தமிழ்ச் சொல் ரேந்தை. மலாய் மொழியில் ரெண்டா. இரண்டும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. 1511இல் அவர்கள் பிடித்த மலாக்காவில் இந்தப் பின்னலுக்கு ரெண்டா பீக்கு என்று பெயர். தமிழ் வழங்கும் நாகர்கோவிலிலும் 1820களில் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை கற்றுக்கொடுத்தார். சோற்றுக்கும் படிப்புக்கும் உதவிய கைவேலை அது.

இதற்குத் தையல் ஊசி வேண்டாம். கெட்டியான திண்டின் மேல் ஒரு படத்தாளை வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒரு நேரத்தில் கையில் இருப்பது நான்கு கட்டைகள்தான். அசைவும் இரண்டே இரண்டு. நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. எத்தனை பெரிய பூவும் இந்தக் குறுக்கு, முறுக்கில்தான் பிறக்கிறது.

முதலில் கற்றது குறுக்கு, முறுக்கு, குறுக்கு. அதை வரிசையாகப் பின்னி முடித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே. கட்டில் சட்டத்தில் அம்மா நெய்த அதே நெசவு. அங்கே கைலி நாடா, இங்கே தலைமுடி கனத்தில் நூல். அன்று மேற்கொண்டு பின்ன முடியவில்லை, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகக் கற்பவர்கள் தடித்த நூலில், இரண்டு நிறத்தில் தொடங்குங்கள். எந்த இழை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரல் நீளம் பின்ன எனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆகிறது. ஆகட்டும்.

தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கு வந்த பிறகு, பழைய துணியைப் பைப்பையாகக் குப்பையில் போடுவதைப் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மாலையில் என் வீட்டு வாசலில் தறிச்சட்டத்தை வைத்திருப்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு கைலியைத் துவைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டிலேயே கிழித்துவிட வேண்டாம், கிழிப்பதில்தான் பாடம் தொடங்குகிறது. வணக்கம்.