இரத்தம் கலந்த வயிற்றோட்டம் மூலவியாதி அல்ல

வணக்கம் நேயர்களே. பல ஆண்டுகள் வைத்தியசாலைத் தாதியாக இருந்தவள் நான். சாப்பாட்டு நேரமென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று குடல் அழற்சி நோயைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மாரியில் கிணறு கலங்கினால் வன்னியில் வயிற்றோட்டம் வராத வீடு குறைவு. நாலைந்து நாளில் நின்றுவிடும். நான் சொல்வது ஒரு மாதம் கடந்தும் நிற்காதது. இரத்தமும் சளியும் போகும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும், உடல் மெலியும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிறது. இதை மூலம் என்று எண்ணி எத்தனை பேர் ஒளித்துவைக்கிறார்கள்!

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர். கிளினிக் நாளுக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பிட மாட்டார். "பரந்தனில் பஸ் மாறி யாழ்ப்பாணம் போக வேண்டும் மிஸ். நடுவழியில் வந்துவிட்டால் யாரிடம் கேட்பேன்?" என்றார். கிளினிக்குக்கு வந்ததும் முதலில் தேடுவது மலசலகூடத்தை. இரத்தம் நின்றதும், சுகம்தானே என்று குளிசையையும் பயணத்தையும் விட்டுவிட்டார். அடுத்த அறுவடைக்கு அவர் வயலில் இல்லை, வார்டில் படுத்திருந்தார். இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. சுகமாக இருப்பது குளிசையால்தான் என்பதை அவருக்கு அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உலகில் 1990இல் ஏறத்தாழ 37 இலட்சம் பேருக்கு இருந்த இந்நோய், 2017இல் 68 இலட்சம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இளவயதில் வருகிறது, முற்றாக மாறுவதில்லை, ஆனால் மருந்தோடு நெடுங்காலம் வாழலாம். வரத்து வாய்க்கால் சிறிதானாலும், மதகு மூடிய குளத்தில் நீர்மட்டம் ஏறத்தானே செய்யும்? ஆண்டுதோறும் புதிதாக வருபவர்கள் பழையவர்களோடு சேர்கிறார்கள். கிளினிக் வாங்கில் இடம் போதாமற்போவது அதனால்தான். இடையில் மருந்தை விட்டவர்கள் வார்டுக்கும் வருகிறார்கள். ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: சுகமானாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீரொய்ட் குளிசையைத் திடீரென நிறுத்துவது மிகவும் ஆபத்து.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். உணவு பற்றிப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. குரோன் என்ற வகை உள்ளவர்கள் புகைத்தலை இன்றே விடுங்கள். பிள்ளை வேண்டுமென்று நினைக்கும் பெண்கள், கர்ப்பமாகும் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். எந்த மருந்தைத் தொடரலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை வைத்தியர் சொல்வார். வணக்கம்.