சவாரியா, லாயமா? குதிரை உடம்பைக் கெடுக்கறது எது

இப்பதான் சேணத்தைக் கழட்டினேன். கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இவ முதுகைப் பாருங்க. வேர்வை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரமா இருக்குல்ல? நடுவுல உள்ளங்கை அளவுக்குக் காஞ்ச திட்டு இருந்தா, அங்க சேணம் அழுத்துதோன்னு சந்தேகப்படணும். இதோ, பிடரி முடியுற மேட்டுல வெள்ளை முடி. பிறவியிலேயே இருந்ததில்ல. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி யாரோ பொருந்தாத சேணம் போட்டு ஓட்டியிருக்காங்க. அந்த அழுத்தத்துல முடி வேர் கெட்டு, நிறமில்லாம முளைச்சிருக்கு.

அப்போ சவாரியே குதிரைக்குக் கெடுதலா? ஆமான்னு ஒரே வார்த்தைல முடிக்க எனக்கு மனசு வரல. ஆள் சுமக்கறதுக்குன்னு அமைஞ்ச முதுகு இல்ல அது, உண்மைதான். நமக்கு இருக்குற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல நெஞ்சுக்கூட்டைத் தசைதான் தூளி கட்டின மாதிரி தாங்கிட்டு இருக்கு. முதுகெலும்பு வளர்ந்து முடியவே அஞ்சரை, ஆறு வருசம் ஆகும். பந்தயக் குதிரைன்னா ரெண்டு வயசுலயே ஆள் ஏறிடறாங்க. அதுக்காக இளசுல ஓடவே விடாம கட்டி வச்சாலும் எலும்பு உறுதியாகாது, அதையும் சொல்லணும்.

எடைக்கு ஒரு கணக்கு இருக்கு. குதிரையோட எடைல 20 சதவீதம், அதுவும் ஆளும் சேணமும் சேத்து. 500 கிலோ குதிரைன்னா 100 கிலோ. 2008ல வந்த ஒரு ஆய்வுல, 25, 30 சதவீதம் ஏத்தினப்ப இதயத் துடிப்பும் கூடியிருக்கு, தசைவலியும் கூடியிருக்கு.

முதுகெலும்போட மேல்முனைகள் ஒண்ணோட ஒண்ணு உரசுற நோய் ஒண்ணு உண்டு. சவாரியாலதான் வருதுன்னு அடிச்சுச் சொல்வாங்க. ஆனா எப்பவோ அழிஞ்சுபோன, மனுசன் ஏறியே இருக்காத ஒரு குதிரை இனத்தோட புதைபடிவத்துலயும் அதே உரசல் இருந்திருக்கு. அதனால சவாரி அதைக் கூட்டாதுன்னு நான் சொல்ல வரல.

எனக்கு உறுத்தறது வேற. நான் இவ மேல இருக்கறது ஒரு மணி நேரம். மிச்சம் 23 மணி நேரம்?

முதல் வருசம் காலைல தானியம், சாயங்காலம் தானியம், நடுவுல கொஞ்சம் உலர்புல், அவ்ளோதான் போட்டேன். வயித்து வாரை இறுக்குறப்பல்லாம் காதைப் பின்னால மடக்கிட்டுக் கடிக்க வருவா. திமிர்னு நெனச்சு அதட்டினேன். டாக்டர் கேமராக் குழாய் விட்டுப் பாத்தா, வயித்துல புண்ணு.

குதிரை வயித்துல அமிலம் சுரந்துக்கிட்டே இருக்கும், சாப்பாடு இருந்தாலும் இல்லாட்டியும். அதைத் தணிக்கற எச்சில் மட்டும் மென்னாத்தான் சுரக்கும். வெளில விட்டா ஒரு நாள்ல 16 மணி நேரம் மேயற பிராணி அது! வயித்தோட மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்குற பூச்சும் இல்ல. வெறும் வயித்தோட ஓட்டினா அமிலம் நேரா அங்கதான் தெறிக்கும். இப்பல்லாம் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு கை புல் போட்டுட்டுத்தான் ஏறுறேன். பயிற்சில இருக்குற பந்தயக் குதிரைகள்ல பத்துக்கு எட்டு, ஒம்பதுக்குப் புண் இருந்ததா ஆய்வுகளே இருக்கு. அதுல சவாரி எவ்ளோ, லாயம் எவ்ளோன்னு எப்படிப் பிரிப்பீங்க?

இந்தச் சத்தம் கேக்குதா, 'க்ர்க்'னு? பக்கத்துக் கொட்டடில இருக்கறவன். கதவுக் கட்டையைப் பல்லால கவ்விக்கிட்டுக் காத்தை இழுக்கறான். அடைச்சு வச்ச குதிரைகிட்டதான் இது வரும், கூட்டமா வெளில திரியறதுகிட்ட வராது. கெட்ட பழக்கம்னு சொல்லிக் கழுத்துல பட்டை கட்டி விட்டிருக்காங்க. கதவைத் திறந்து விடலாம்ல?

லாயத்துல நல்லதே இல்லன்னும் சொல்லிட முடியாது. பல்லை ராவி விட ஆள் இருக்கு, பூச்சி மருந்து இருக்கு, 25, 30 வயசு வரைக்கும் இருக்குதுங்க. காட்டுல பல்லு போச்சுன்னா பட்டினிதான்.

ஆனா வலியை நாமதான் தேடிப் பாக்கணும். வேட்டையாடப்படுற பிராணி, நோவை வெளில காட்டாது. சூ டைசன்னு ஒரு கால்நடை மருத்துவர், சவாரி நேரத்துல கவனிக்க 24 அறிகுறி தொகுத்திருக்காங்க. வாலைச் சுழட்டறது, வாயைத் திறந்தே வச்சிருக்கறது, இந்த மாதிரி. 8 அல்லது அதுக்கு மேல தெரிஞ்சா எங்கயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். இவளுக்கு இன்னைக்கு மூணு.

சரி, அவுத்து விடறேன், இருங்க... போயிட்டா. படுத்து உருள்றா பாருங்க. சேணம் இருந்த இடத்தைத்தான் முதல்ல மண்ணுல தேய்க்கிறா.