நெல்லுக்கு இவ்ளோ தண்ணி எதுக்கு? மீஞ்சூர் தாண்டி ஒரு வயல்ல இருந்து பேசுறேன்

வணக்கம் மக்களே, வாய்ஸ் கேக்குதா, பின்னாடி போர் மோட்டார் ஓடிகினு கீது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இப்போ சென்னைக்கு வடக்க, மீஞ்சூர் தாண்டி பொன்னேரி பக்கம் பெரியப்பா வயல்ல கீறேன். நெல்லுன்னாலே தண்ணியில முங்கி கெடக்கணும்னு நம்ம சிட்டி பசங்க நெனச்சிகினு இருக்கோம்ல, அது அப்படி இல்ல. முங்கி கெடந்தா நெல்லு தாங்கிக்கும், அவ்ளோதான். தண்ணி நிக்க வெக்கிறதே பாதி களை மொளைக்காம இருக்கத்தான்.

கணக்கு பாருங்க. ஒரு ஏக்கர்ல 5 சென்டிமீட்டர் தண்ணி நிறுத்துனா 2 லட்சம் லிட்டர், நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் லாரியில 17 லோடு. நடவுக்கு முன்னாடி தொளி ஓட்டி சேறடிக்கிறாங்கல்ல, அதுக்கு மட்டும் சுமாரா 20 சென்டிமீட்டர், அதாவது 8 லட்சம் லிட்டர், இன்னும் நாத்து ஒன்னு கூட ஊனல! ஆனா அந்த சேறு சும்மா இல்ல, அடியில கெட்டியா படிஞ்சி தண்ணி கீழ எறங்காம புடிச்சி வெக்குது.

நாத்து நடாம வெதய நேரா வயல்லயே போடுறது தான் நேரடி விதைப்பு. அதுல புழுதி விதைப்புன்னு ஒன்னு கீது, காஞ்ச நெலத்த உழுது அப்படியே வெதச்சிட்டு மழைக்கு காத்திருக்கறது, நம்ம திருவள்ளூர் காஞ்சிபுரம் பக்கம்லாம் ரொம்ப நாளா பண்றது தான். சேறடிக்கிற தண்ணி மொத்தமா மிச்சம், நாத்தங்காலும் வேணாம். ஆனா களை பயிரோட சேந்தே எழும்பும், ரெண்டும் ஒரே உயரத்துல நிக்கும், எது நெல்லு எது புல்லுன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். டிரம் சீடர் வேற கதை, சேறடிச்சி மொளகட்டுன வெதய டிரம்முல போட்டு இழுத்துகினே போனா 8 வரிசையா விழும், நடவு ஆள் தேவையில்ல, நட்டு வெக்கிற பயிர விட ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே அறுப்புக்கு வரும். ஆனா சேறடிக்கிற தண்ணி போய்கினு தானே கீது? அதனால "நேரடி விதைப்பா, தண்ணி பாதி மிச்சம்"னு யாராச்சும் அடிச்சி விட்டா, எந்த நேரடி விதைப்புன்னு கேளுங்க.

என்ன கேட்டா எப்படி வெதைக்கிறங்கிறத விட அப்புறம் எப்படி பாய்ச்சுறங்கிறது தான் மேட்டர். காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்வாங்க, அதாவது வயல கொஞ்சம் காய விட்டு அப்புறம் தண்ணி பாய்ச்சுறது. கேமராவ கீழ எறக்குறேன், இந்தா இந்த பிவிசி பைப், மண்ணுக்குள்ள தண்ணி மட்டம் பாக்கத்தான், 30 சென்டிமீட்டர் நீளம், பாதி மண்ணுக்குள்ள, அந்த பாதியில சுத்தி ஓட்டை, உள்ள இருந்த சேத்த கையாலேயே தோண்டி எடுத்தாச்சு. உள்ள எட்டி பாத்தா, தோ ஒரு நத்த ஒட்டிகினு கீது பாருங்க, அதுக்கும் கீழ தண்ணி பளபளன்னு தெரியுது. மேல மண்ணு காஞ்சி மயிர் மாதிரி வெடிப்பு விட்டுச்சி, ஆனா வேருக்கு தண்ணி கீது. மட்டம் தரையில இருந்து 15 சென்டிமீட்டர் கீழ எறங்குனா தான் மோட்டார் போடணும், 5 சென்டிமீட்டர் நிக்கிற அளவு. பூக்குற நேரத்துல மட்டும் காய விடாதீங்க, பதராப் போயிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்புன முறை இது, 30 சதவீதம் வரைக்கும் தண்ணி மிச்சமாகும்.

அப்புறம் ஏன் எல்லாரும் பண்ணலன்னா, மோட்டாருக்கு கரண்ட் ஃப்ரீ, தண்ணிய மிச்சம் புடிச்சா பாக்கெட்டுக்கு ஒன்னும் வராது, களையெடுக்க ஆள் கூலி தான் ஏறும். பெரியப்பா மூஞ்சிக்கு நேரா இததான் சொன்னாரு, என்னால பதில் பேச முடியல.

ஆனா இந்த ஏரியாவுக்கு வேற கணக்கு. சிட்டிக்கு, மணலி கம்பெனிங்களுக்கு, வயலுக்குன்னு எல்லாத்துக்கும் இந்த ஆரணியாறு கொசஸ்தலையாறு நெலத்தடி தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி உள்ள ஏறிடுச்சி, பக்கத்து காட்டுப்பள்ளியில 2010ல கடல் தண்ணிய குடிதண்ணியா மாத்துற பிளான்ட்டே போட்டாங்க. அதனால மிச்சம் புடிக்கிற ஒவ்வொரு லோடும் நமக்கு தான். அதுக்குன்னு உப்பு ஏறுன நெலத்துல கண்ண மூடிட்டு காயப் போடாதீங்க, காயக் காய உப்பு மேல வந்து வெள்ளையா பூக்கும், அங்க தண்ணி நின்னா தான் உப்ப கீழ அமுக்கும். மொதல்ல மண்ணு, தண்ணி ரெண்டையும் டெஸ்டுக்கு குடுத்துட்டு பைப்ப ஊனுங்க. வரப்பு ஓரமா ஊனாதீங்க, ஒரு மீட்டராச்சும் உள்ள தள்ளி, வயல் மட்டமா இருக்கற எடமா பாத்து.